குண்டு கிளம்பும் வேகம்

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியை எட்டப் பிடித்துப் படிக்கிற நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நம் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு கம்ப்யூட்டர் கெட்டுப்போனதற்கா நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்தாய் என்பார்கள். நமக்குத் தெரியும். கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் கை கால் கழுவிவிட்டுப் போன கூட்டம் நாம். வைரஸ் என்றால் தும்மலில் பரவும் என்று நம்பிய கூட்டம்.

தொண்ணூற்றைந்தாம் வருடத்து மழைக்காலம். எனக்குப் பன்னிரண்டு வயது. வீடு பள்ளத்தூரில். அப்பா பிஸிக்ஸ் வாத்தியார். மொபெட்டில் கால்மணி நேரம் போகும் தூரத்தில் ஃபாதர்மார் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. நானும் பெரியப்பா மகளும் அங்கேதான் படித்தோம். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பயம் என்பதே அவளுக்குக் கிடையாது. அவளுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டார்கள் போல.

சிங்கப்பூருக்குப் போய் நன்றாக இருந்த ஒரு பழைய மாணவர், தன் ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைப் பள்ளிக்கு அனுப்பிவைத்திருந்தார். தேசப்படங்கள் சுருட்டி வைத்திருந்த அறையைக் காலி செய்து, ஜன்னல்களைப் பலகை அடித்து மூடி, ஒரு ஏ.சி. பெட்டியைப் பொருத்தி, நடுவில் அதை உட்கார வைத்தார்கள். மேலே ஒரு பச்சைத் துணி உறை. அந்த அறையின் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது: பழைய காகிதம், சூடான பிளாஸ்டிக், பூட்டியே கிடந்த ஈரம். அறைச் சாவி அப்பாவிடம்.

கம்ப்யூட்டர் டீச்சர் புதுவயலிலிருந்து பஸ்ஸில் வருவார். இருபத்திரண்டு வயதிருக்கும். அவருடைய அப்பா ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவர். டீச்சரின் சேலை ஓரத்தில் சில நாள் தவிட்டுத்தூசி ஒட்டியிருக்கும்; அறைக்குள் வருமுன் வாசலிலேயே குனிந்து தட்டிவிட்டு வருவார். அவர் தற்காலிக வேலையில்தான் இருந்தார். ஸ்டாஃப் ரூமில் அவருக்கென்று நாற்காலி கிடையாது. மத்தியானச் சாப்பாட்டையும் கம்ப்யூட்டர் அறை வாசலில் உட்கார்ந்தே சாப்பிடுவார்.

விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்த என் சித்தப்பா, அந்த அக்டோபரில் லீவில் வந்தபோது எங்கள் இருவருக்கும் ஒரு ப்ளாப்பி கொடுத்தார். "கப்பல் சண்டை. அப்பாகிட்ட காட்டாதீக," என்றார். காட்டவில்லை. டீச்சரிடம் காட்டினோம். அவர் ஒருநாள் யோசித்தார். மறுநாள் மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, "அரை மணி நேரந்தான், சரியா?" என்றார்.

அந்த விளையாட்டை இன்றைய கண்ணால் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கறுப்புத் திரையில் குறுக்கே ஒரு பச்சைக்கோடு, அது கடல். நம் கப்பல் இங்குட்டு, எதிரிக் கப்பல் அங்குட்டு, அடிவானத்தில் ஒரு புள்ளியாக. பீரங்கியை எந்தத் திசையில் திருப்ப வேண்டும், எத்தனை டிகிரி தூக்க வேண்டும் என்று எண்களைத் தட்ட வேண்டும். பிறகு ஒரு பொத்தான். குண்டு ஒரு வெள்ளைப் பொட்டாகக் கிளம்பி, மேலே ஏறி, வளைந்து, இறங்கும். தண்ணீரில் விழுந்தால் ஒரு சின்னக் கீற்று எழும். கப்பலில் விழுந்தால் பெட்டிக்குள்ளிருந்து "ட்ர்ர்" என்று சத்தம் வரும்.

நாம் அடிக்கிறதுவரை எதிரி சும்மா இருப்பானா? அடிவானத்தில் அந்தப் புள்ளி ஒருதரம் மின்னும். அவன் சுட்டுவிட்டான் என்று அர்த்தம். அவன் குண்டு நம் கண்ணுக்குத் தெரியாது. எங்கே வருகிறது, எப்போது விழும், ஒன்றும் தெரியாது. மின்னியதைப் பார்த்ததும் அக்காவின் தோளைப் பிடித்துக்கொள்வேன். டீச்சரும் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்திருப்பார். பிறகு பக்கத்தில் கீற்று எழும், அல்லது திரை முழுக்கச் சிவக்கும்.

அக்கா கண்டபடி சுடுவாள். டீச்சருக்குக் குறியே வராது, ஒவ்வொரு தடவையும், "ஐயோ, போன தடவை இதே நம்பர்தான போட்டேன்!" என்பார். பயந்த பிள்ளையாக இருந்ததால் நான் மட்டும் கணக்குப் போட ஆரம்பித்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொண்டேன். எத்தனை டிகிரி தூக்கினால் குண்டு எவ்வளவு தூரத்தில் விழுகிறது, கிளம்பியதிலிருந்து விழும்வரை எத்தனை விநாடி என்று, அக்காவின் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. எங்கள் கப்பலில் இரண்டு வகைப் பீரங்கி இருந்தது. ஒன்றின் குண்டு குழாயை விட்டு மெதுவாகக் கிளம்பும். மற்றதன் குண்டு வேகமாகக் கிளம்பும். மெதுவானதைத் தூரத்தில் இருக்கிறவன்மேல் போட வேண்டுமென்றால் குழாயை நன்றாக மேலே தூக்க வேண்டும். குண்டு வானத்துக்குப் போய்ச் சாவகாசமாக இறங்குவதற்குள் எதிரி நகர்ந்துவிடுவான். அதனால் அவன் இருக்கும் இடத்தைக் குறிவைத்துப் பயனில்லை. அவன் போகப்போகிற இடத்தைக் குறிவைக்க வேண்டும். வேகமான குண்டு அப்படியில்லை. கடலை ஒட்டித் தாழ்வாகப் பாயும். பாதி நேரத்தில் போய்ச் சேரும். தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்திருந்தாலும் வழியில் நிற்கிறவன் விலாவில் பாய்ந்துவிடும். டீச்சருக்குக் குறி வராததன் காரணம் இதுதான். அவர் இரண்டு பீரங்கிக்கும் ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார்.

இதைச் சொன்னபோது டீச்சர் என் நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு ப்ளாப்பிக்குள் இருந்த ஒரு ஃபைலைத் திறந்து காட்டினார். வரிவரியாக எண்கள். ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு வரி. அதில் மூன்றாவது எண்தான் குண்டு கிளம்பும் வேகம் என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கண்டுபிடித்தோம். முந்நூறு என்று போட்டுப் பத்து டிகிரி தூக்கினால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் விழுந்தது. அறுநூறு என்று போட்டால் ஆறு கிலோமீட்டர் போகும் என்று நினைத்தேன். பன்னிரண்டுக்கும் மேலே போய் விழுந்தது. அன்று ராத்திரி படுக்கையில் அந்தப் பன்னிரண்டு என்னைத் தூங்கவிடவில்லை.

எதிரியின் வரியும் அதே ஃபைலில் இருந்தது. பயத்தைக் குறைக்க ஒரு வழி கிடைத்தது என்று அவனுடைய வேகத்தை நான் பாதிக்கும் கீழே குறைத்தேன். மெதுவாக வந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம் அல்லவா? அது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்றைக்கே தெரிந்தது. புள்ளி மின்னும். பத்து விநாடி. ஒன்றும் வராது. இருபது விநாடி. கப்பலைத் திருப்பலாம், ஆனால் எந்தப் பக்கம்? முப்பதாவது விநாடியில் தலைக்குமேலே இருந்து செங்குத்தாக விழும். கப்பலின் விலாவுக்குக் கனமான இரும்பு, மேல்தளம் மெல்லியது. முன்பு நாலைந்து அடி தாங்கின கப்பல் இப்போது ஒரே அடியில் மூழ்கியது. நான் குறைத்தது பயத்தை அல்ல. காத்திருக்கிற நேரத்தைத்தான் நீட்டிவிட்டிருந்தேன்.

இதற்கிடையில் டீச்சருக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தரச் சொன்னார்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பாடம், அங்க அடையாளம். இருநூறு பிள்ளைகளுக்கு மேல். குறித்த நாளுக்குள் அது சிவகங்கையில் கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுத முடியாது என்று பேசிக்கொண்டார்கள். டீச்சர் மூன்று வாரம் குனிந்த தலை நிமிராமல் அடித்தார். எங்கள் விளையாட்டு நின்றது.

அது முடிந்த வியாழக்கிழமை. மழை பிடித்துக்கொண்டிருந்தது. மத்தியானம் டீச்சர், "ஹெட்மாஸ்டர் கூப்பிடுறாக, வந்துர்றேன். எதையும் தொடாதீக," என்று சொல்லிவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. ப்ளாப்பி அக்காவின் பையில் இருந்தது.

"ஒரே ஒரு ஆட்டம்," என்றாள் அக்கா.

"வேணாம்க்கா."

"நம்ம குண்டு வேகத்த எவ்வளவு போட்டா ஒரே அடியில அவன் காலியாவான்னு பாப்போம்." ப்ளாப்பியைச் செருகி ஃபைலைத் திறந்து, அந்த மூன்றாவது எண்ணில் ஒன்பதை அமுக்கி, விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டாள். ஒன்பதுகள் வரி முழுக்க ஓடின.

சுட்டாள். வெள்ளைப் பொட்டு கிளம்பவே இல்லை. திரை அப்படியே உறைந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரே சீராக, விடாமல், "ஈஈஈ" என்று சத்தம் கிளம்பியது. எந்தப் பொத்தானை அமுக்கியும் நிற்கவில்லை. வராந்தாவில் யாரோ நடக்கும் சத்தம். அக்கா எட்டிச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். சத்தம் நின்றது. மறுபடி போட்டாள். திரையில் ஒன்றும் வரவில்லை. பெட்டிக்குள்ளே மட்டும் "டக்... டக்... டக்..." என்று நகத்தால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

ஓடிவிட்டோம். பாதி வழியில்தான் ப்ளாப்பியை எடுக்காதது ஞாபகம் வந்தது. திரும்பிப் போகக் கால் வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மழையில் நின்றுகொண்டு அக்கா என் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் தொங்கிய மாதா சுரூப டாலரின்மேல் வைத்தாள். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு." அவளையும் பயம் தொட்டதை முதல்முறையாக அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தியம் பண்ணினேன்.

வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, உள்ளே இருந்தது எதுவும் கிடைக்காது என்றார். பட்டியலை இன்னும் அச்செடுக்கவில்லை; வேறு பிரதியும் கிடையாது. பிரதி எடுத்து வைக்க ப்ளாப்பி பெட்டி ஒன்று வேண்டும் என்று டீச்சர் இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தாராம்; யாரும் கண்டுகொள்ளவில்லை. இது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும்.

"யாராவது வெளிய இருந்து ப்ளாப்பி கொண்டுவந்து போட்டாகளா? வைரஸா இருக்கலாம்," என்று மெக்கானிக் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். வைரஸ் என்ற சொல் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. சாயங்காலத்துக்குள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு, "இனி நாங்க பரீட்ச எழுத முடியாதாம்ல?" என்று கேட்டாள். அவள் கண்ணீர் என் தோளில் சூடாக விழுந்தது. நான் நட்டுவைத்த கட்டை மாதிரி நின்றேன்.

எண்ணைத் தப்பாகப் போட்டதால்தான் அந்த இயந்திரம் செத்தது என்று முழுக்க நம்பினேன். அந்த ஒன்பதுகள் உள்ளே எங்கேயோ நிஜமாகவே பாய்ந்து உடைத்துவிட்டன என்று நினைத்தேன். இன்றைக்கு இந்தப் பெட்டிகளோடேயே வேலை பார்க்கிறேன். ஒரு விளையாட்டின் எண்ணால் டிஸ்க் சாகாது. சுவிட்சை அணைத்ததால் ஆகியிருக்கலாம். மழையிலும் மின்வெட்டிலும் தேய்ந்துபோன அந்தக் கிழட்டு டிஸ்க் அன்றைக்கே போவதாகவும் இருந்திருக்கலாம். அப்போது யார் சொல்வார்கள்?

சனிக்கிழமை விசாரணை. தாளாளர் ஃபாதர் அறையில். எங்களுக்கு விடுமுறைதான், ஆனால் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்க அப்பா போனபோது நானும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை. ஃபாதர் அறையின் பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு செம்பருத்திப் புதர் இருந்தது. அதற்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.

உள்ளே ஃபாதர், ஹெட்மாஸ்டர், ஆபீஸ் கிளார்க் அம்மா, அப்பா. எதிரே டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"வெளிய இருந்து ஏதாவது கொண்டாந்து போட்டீகளா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

டீச்சர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பையக் காட்டச் சொல்லுங்க," என்றார் ஃபாதர்.

கிளார்க் அம்மா டீச்சரின் கைப்பையை வாங்கி மேசையில் கவிழ்த்தார். சீப்பு, பஸ் டிக்கெட்டுகள், ஒரு சின்ன ஜெபமாலை, டிபன் பாக்ஸ் ஸ்பூன். கடைசியாக எங்கள் ப்ளாப்பி. அதை வியாழக்கிழமையே எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் சித்தப்பாவின் கையெழுத்தில் "கப்பல்" என்று எழுதியிருந்தது. எல்லா எழுத்தும் இடதுபக்கம் சாய்ந்து விழுகிற மாதிரி இருக்கும் அவருக்கு. அப்பா அதைக் கையில் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார். பிறகு மேசைமேல் வைத்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது யாருது?" என்றார் ஃபாதர்.

"என்கிட்ட இருந்துச்சு ஃபாதர்," என்றார் டீச்சர்.

"விளையாடுறதுக்கா உங்களுக்கு வேல குடுத்தோம்?"

திங்கட்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்த டீச்சர் குனிந்து சேலை ஓரத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். அன்றைக்கு அதில் தூசி எதுவும் இல்லை. நிமிர்ந்தபோது புதருக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்துவிட்டார். கொஞ்சநேரம் பார்த்தபடியே நின்றார். பிறகு கேட்டை நோக்கி நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்கால் போட்டிருந்தேன், வாய் ஜெபம் சொன்னது, காதில் அந்த "டக்... டக்..." மட்டும் கேட்டது. மத்தியானம் கறிக்குழம்பு. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்பாவும் பிசைந்துகொண்டே இருந்தார். "அப்பனுக்கும் மகளுக்கும் என்ன வந்துச்சு?" என்றாள் அம்மா. இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கள் காலை, பிரேயர் பெல் அடிக்குமுன்னே நான் ஃபாதர் அறை வாசலில் நின்றேன். கையில் நோட்டு. எப்படிப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தைரியம் வந்து போகவில்லை. இன்னொரு ராத்திரி அப்படிப் படுத்துக் கிடக்க முடியாது என்ற பயத்தில்தான் போனேன்.

"ஃபாதர், கம்ப்யூட்டர நாங்கதான் கெடுத்தோம். டீச்சர் இல்ல."

அவர் பேனாவை மூடி வைத்தார். சிரித்தார். கோபித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"யாரும்மா இப்புடிச் சொல்லச் சொன்னது?"

"யாரும் இல்ல ஃபாதர்."

"டீச்சர் சொல்லிக் குடுத்துச்சா?"

"இல்ல ஃபாதர், நெசமாவே..."

அவர் முகம் மாறியது. மணியடித்து ப்யூனைக் கூப்பிட்டு, டீச்சரையும் ஹெட்மாஸ்டரையும் அப்பாவையும் வரச் சொன்னார். மூன்று பேரும் வந்ததும் டீச்சரைப் பார்த்து, "செஞ்சது பத்தாதுன்னு சின்னப் புள்ளய வச்சுப் பொய் சொல்ல வைக்கிறீகளா? அதுவும் சார் மகள?" என்றார்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து அழாதவர் அப்போது அழுதார். நான் வாய் திறந்ததால் அவருக்கு இன்னும் கேடுதான் வந்தது. நோட்டை நீட்டினேன். வேறு எதுவும் என்னிடம் இல்லை.

"இதுல எல்லாம் எழுதி வச்சிருக்கேன் ஃபாதர். குண்டு எவ்வளவு வேகத்துல கிளம்புனா எங்க விழும்னு. நாந்தான் எழுதுனேன். எண்ண மாத்துனதும் நாங்கதான்."

ஃபாதர் இரண்டு பக்கம் புரட்டினார். டிகிரி, விநாடி, கிலோமீட்டர். "ஏழாவது படிக்கிற பொம்பளப் புள்ள எழுதுற கணக்கா இது?" என்று அப்பாவிடம் தள்ளினார். "சார், நீங்கதான் பிஸிக்ஸ். நீங்களே சொல்லுங்க. இது இந்தப் புள்ள போட்டதா, பெரியவுக யாரும் எழுதிக் குடுத்து இது காப்பி அடிச்சதா?"

அப்பா நோட்டை வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. காப்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வேலைக்கும் எனக்கும் ஒரு குறையும் வராது. டீச்சர் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பயந்திருக்கிறேன். என் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்துப் பயம் மாதிரி ஒன்று இல்லை.

அவர் நோட்டை மூடினார். வகுப்பில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"குண்டு கிளம்புற வேகத்த ரெண்டு மடங்கு ஆக்குனா என்ன ஆகும்?"

"அதே கோணத்துல சுட்டா நாலு மடங்கு தூரம் போகும்பா."

"மூணு மடங்கு ஆக்குனா?"

"ஒம்போது."

"வேகம் ரெண்டு மடங்கு. ஆனா தூரம் பழைய தூரந்தான் வேணும். அப்ப?"

"குழாயக் கீழ இறக்கணும். பத்து டிகிரி இருந்துச்சுன்னா ரெண்டரை வச்சாப் போதும். பாதி நேரத்துல போய் விழுந்துரும். எதிரி ரொம்ப நகந்திருக்க மாட்டான்."

"மெதுவாப் போற குண்டால பிரயோசனமே இல்லையா?"

"இருக்குப்பா. அது மேல இருந்து விழும். மேல்தளம் மெல்லிசு."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. சுட்டுச் சுட்டுப் பாத்தேன்."

ப்ளஸ் ஒன்னில் இந்தப் பாடத்தை அவர் வருடா வருடம் நடத்துகிறவர். எத்தனை பேர் நாலு மடங்கு என்று சொல்லியிருப்பார்கள் என்று தெரியாது. அவர் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாளாளரின் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதுனது என் மகதான் ஃபாதர். சத்தியமா. அந்த ப்ளாப்பி என் தம்பி குடுத்தது. அதுமேல இருக்கது அவன் கையெழுத்து. சனிக்கிழமையே எனக்குத் தெரியும். சொல்லப் பயந்துட்டேன்."

ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபாதர் அப்பாவிடமிருந்து நோட்டை வாங்கி மேசைமேல் வைத்தார். பிறகு டீச்சரைப் பார்த்து, "உக்காருங்க டீச்சர்," என்றார். டீச்சர் உட்காரவில்லை.

"லிஸ்ட் புதன்கிழமை போய்ச் சேரணும் ஃபாதர். டைப்ரைட்டர் குடுங்க. அட்மிஷன் ரிஜிஸ்டரும் வேணும்," என்றார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அன்றைக்கும் மறுநாளும் ஆபீஸ் அறையில் அவர் டைப் அடித்தார். அக்காவும் நானும் ரிஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு பெயர்களையும் பிறந்த தேதிகளையும் மாறி மாறி வாசித்தோம். ஒரு எழுத்து தப்பாக வாசித்துவிடுவேனோ என்று ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டுக்கொண்டே வாசித்தேன். "வலது முழங்கையில் ஒரு மச்சம். இடது புருவத்தில் ஒரு தழும்பு." அக்காவின் கன்னத்தில் பெரியப்பாவின் விரல்கள் பதிந்திருந்தன. அவள் என்னோடு பேசவில்லை. சத்தியத்தை மீறிவிட்டேன் அல்லவா? அடுத்த மழைக்காலம் வரை பேசவில்லை. புதன்கிழமை காலை அப்பாவே பட்டியலை எடுத்துக்கொண்டு சிவகங்கை பஸ் ஏறினார். எங்கள் தெருப் பெண்ணும் மற்றவர்களும் மார்ச்சில் பரீட்சை எழுதினார்கள்.

அப்பாவுக்கு மெமோ கொடுத்தார்கள். அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர் என்னை அடிக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, இப்போது நிறுத்துவார், இப்போது நிறுத்தி அடிப்பார் என்று காத்துக்கொண்டே வந்தேன். கொத்தமங்கலம் ரோடு பிரிகிற இடத்தில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். அவர் திரும்பாமலே, "பன்னண்டு கிலோமீட்டர்னு வந்தப்ப என்ன நெனச்ச?" என்று கேட்டார்.

"தப்பா அளந்துட்டேன்னு நெனச்சேன். அதான் திரும்பத் திரும்பச் சுட்டேன்."

"ம்," என்றார். மறுபடி மிதித்துக் கிளப்பினார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை அவர் சாகும்வரை எங்களுக்குள் பேசிக்கொண்டதில்லை. அவருக்கும் பயமாக இருந்திருக்கிறது என்பதை அந்த வயதில் என்னால் மன்னிக்க முடியவில்லை. பெரியவர்கள் பயப்படக்கூடாது என்று நினைத்தேன். இப்போது எனக்கு அவருடைய அன்றைய வயதைவிட அதிகம். எத்தனை அறைகளில் எத்தனை மேசைகளைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

டீச்சர் அந்த வருடம் முடியும்வரை வந்தார். ஸ்டாஃப் ரூமில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஏப்ரலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிக் கிளம்பினார். கடைசி நாள் வராந்தாவில் என்னைக் கூப்பிட்டு அந்த நாற்பது பக்க நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஃபாதர் அறையிலிருந்து அதை எடுத்து வைத்திருந்தது அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"டீச்சர், ப்ளாப்பி எங்களோடதுன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நாந்தான விளையாட விட்டேன். ரெண்டு புள்ளகளக் கைகாட்டிட்டுத் தப்பிக்கணுமா?" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு. வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறாம ரொம்ப நேரம் நின்னேன். நீ வந்து சொல்லுவேன்னு. வெள்ளிக்கிழமையும் நின்னேன். சனிக்கிழமை செடிக்குப் பின்னால உன்னப் பாத்தப்ப, சரி, இப்ப எந்திரிச்சு வருவேன்னு நெனச்சேன்," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

நாலைந்து வருடம் கழித்து அவருடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. அப்பா பெயரோடு என் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, "வா, கிளம்பு, டீச்சர் உன்னப் பாக்கணும்னு எழுதியிருக்குல்ல," என்றார். காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். அப்பா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நெற்றி குளிர்ந்துதான் இருந்தது. "சரி, படு," என்று போர்வையை இழுத்துவிட்டுவிட்டு, தனியாகப் போனார்.